நாற்காலியைப் பிடித்திருந்த கை: முன்னோர் மரபைக் காட்சிக் கலையின் வழியே தேட ஒரு முழுமையான வழிகாட்டி

பாட்டியின் இளவயதுப் புகைப்படம் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. உள்ளங்கை அளவு. ஓரமெல்லாம் மஞ்சளித்துப்போய், மேல் மூலையில் ஈரம் பட்ட கறை. ஒரு நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கிறார். சிறு வயதிலிருந்து நூறு தடவையாவது பார்த்திருப்பேன். ஒருநாள் அதைப் பென்சிலால் வரைய உட்கார்ந்தபோதுதான் இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. அவர் உடையில், பெட்டிக்குள் மடித்து வைத்திருந்ததால் விழுந்த கோடுகள் நெடுக்காக இரண்டும் குறுக்காக ஒன்றும் அப்படியே தெரிந்தன. நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்த கையில், விரல்மூட்டுகள் புடைத்திருந்தன. சும்மா வைத்த கை இல்லை, இறுக்கிப் பிடித்த கை.

அத்தையிடம் கேட்டேன். “அந்தத் துணி எங்கம்மாவோடது இல்ல கண்ணு. பெரியம்மாகிட்ட இரவல் வாங்கிக் கட்டிக்கிட்டாங்க. ஆடாம நிக்கணும்னு போட்டோக்காரர் சொல்லிட்டே இருந்தாராம். அதான் நாற்காலியை அப்படிப் பிடிச்சிருக்காங்க” என்றார்.

இரவல் உடையும் இறுகிய கையும். என் பாட்டியைப் பற்றி அதுவரை யாரும் எனக்குச் சொல்லாத இரண்டு செய்திகள். வரைய உட்காராமல் இருந்திருந்தால் கேட்டிருக்கவே மாட்டேன். இந்த வழிகாட்டியை எழுதுவது அதனால்தான். “நான் யார், எங்கிருந்து வந்தேன்” என்ற கேள்வியைக் கலையின் வழியே கேட்க நினைப்பவர்கள் பெரும்பாலும் பண்பாடு என்ற பெரிய சொல்லிலிருந்து தொடங்கி, எல்லோருக்கும் தெரிந்த சின்னங்களில் போய் முட்டி நிற்கிறார்கள். கைக்கு அகப்படும் ஒரு சின்னப் பொருளிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. ஓவியம் வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பொறுமையாகப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

படி 1: ஒரே ஒரு பொருளை எடுங்கள்

புகைப்படம், கடிதம், கிழிந்த துணி, தேய்ந்த கருவி, நோட்டுப்புத்தகம், பெட்டிச் சாவி என எதுவாக இருந்தாலும் சரி. குடும்பத்தின் மொத்த வரலாற்றையும் ஒரே படத்தில் கொண்டுவர ஆசைப்படாதீர்கள். எதுவுமே மிஞ்சவில்லை என்பவர்களும் உண்டு. போர், இடப்பெயர்வு, தத்தெடுப்பு, வெள்ளம், தீ என்று காரணம் பலவாக இருக்கலாம். அவர்களுக்கு ஒரு ஞாபகமே பொருள்தான். யாரோ ஒருவர் உட்கார்ந்த விதம், திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு வாக்கியம், நினைவில் நிற்கும் ஒரு கதவு.

நியூயார்க்கில் வாழ்ந்த ஓவியர் ஜரீனா 1937இல் அலிகாரில் பிறந்தவர். பிரிவினைக்குப் பிறகு அவர் குடும்பம் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. பிறந்த வீடு ஞாபகத்தில் மட்டும் மிஞ்சியது. 1999இல் அவர் செய்த மரச்செதுக்கு அச்சுத் தொடரில் 36 தாள்கள். ஒவ்வொன்றிலும் ஓர் உருது சொல், அதனோடு மிக எளிமையான ஒரு வடிவம். வீட்டை இழந்தவரிடம் மொழி மிச்சமிருந்தது. அதையே அவர் பொருளாக்கிக்கொண்டார்.

படி 2: தொடுவதற்கு முன்பு பத்திரப்படுத்துங்கள்

அசல் பொருளின் மீது எந்தச் சோதனையும் வேண்டாம். வேலையெல்லாம் நகலில்தான்.

பழைய புகைப்படத்தைத் துடைக்கவோ தேய்க்கவோ கூடாது. படத்தைத் தாங்கியிருக்கும் மேல்பூச்சு உரிந்துவிடும். சட்டகத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிடலாம். 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள் என்ற அளவு) போதுமானது. உள்ளங்கைக்குள் அடங்கும் படம் என்றால் 1200 வைத்துக்கொள்ளுங்கள். தரம் குறையாமல் பாதுகாக்க டிஃப் கோப்பாக ஒன்று, அன்றாட வேலைக்கு ஜேபெக் ஒன்று. பின்பக்கத்தையும் மறக்காமல் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரை, தேதி, யாரோ கிறுக்கிய கணக்கு எல்லாம் அங்கேதான் இருக்கும்.

லேமினேட் செய்யாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. பசைத்தாள் ஆல்பங்களும் பிவிசி உறைகளும் காலப்போக்கில் படத்தைக் கெடுக்கும். அமிலமற்ற காகிதத்தில் மடித்து, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைத்தாலே போதும். பின்னால் ஏதாவது எழுத வேண்டுமானால் மென்மையான பென்சிலால் ஓரமாக எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் வரை தடம் விழும்.

படி 3: பதில் தேடாமல் வரையுங்கள்

இந்த வழிகாட்டியில் நீங்கள் ஒன்றே ஒன்றைத்தான் செய்யப் போகிறீர்கள் என்றால், இதைச் செய்யுங்கள்.

நகலை மேசைமேல் வையுங்கள். ஒரு தாள், 2பி பென்சில், நாற்பது நிமிடம். முகத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முகம் நம்மை ஏமாற்றிவிடும்: நமக்குத் தெரிந்த முகம் என்பதால் தெரிந்ததையே வரைவோம். கைகளிலிருந்தோ ஓரங்களிலிருந்தோ தொடங்குங்கள். படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து வரைந்தால் இன்னும் நல்லது. உருவம் மறைந்து கோடும் நிழலும் மட்டும் தெரியும்.

மறுநாள் அதே படத்தை இன்னொரு விதமாக வரையுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மட்டும் பாருங்கள். மூன்றாம் நாள் ஆட்களை விட்டுவிட்டு, ஆட்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளை வரையுங்கள். குழுப்படமாக இருந்தால் இந்த மூன்றாவது படம் நிறையப் பேசும். யார் யாரோடு ஒட்டி நிற்கிறார், யார் ஓரமாக ஒதுங்கியிருக்கிறார், யாருடைய தோளில் யாருடைய கை என்று எல்லாம் வெளியே வந்துவிடும்.

வரைந்து முடித்த கையோடு, தாளின் கீழே எழுந்த கேள்விகளை எழுதுங்கள். “ஏன் ஒரு காலில் மட்டும் செருப்பு?” “பின்திரை ஏன் ஒரு பக்கம் மடங்கியிருக்கிறது?” முதல் தாளில் மூன்று கேள்வி வந்தால் மூன்றாவது தாளில் குறைந்தது பத்து வந்துவிடும்.

நிறத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து நிறத்தை ஊகிக்காதீர்கள். பழைய ஆர்த்தோக்ரோமேட்டிக் படச்சுருள்களுக்குச் சிவப்பு வெளிச்சம் உறைக்காது. அதனால் சிவப்புத் துணி படத்தில் கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப்போகும். தானாக நிறம் பூசும் செயலிகளும் ஊகித்துத்தான் பூசுகின்றன. நிறம் தெரிந்தவர் யாராவது உயிரோடு இருந்தால் அவரைக் கேளுங்கள். இல்லையென்றால் சாம்பல் நிறத்திலேயே விடுங்கள்.

படி 4: கேள்விகளோடு பெரியவர்களிடம் போங்கள்

“நம்ம குடும்பத்தைப் பத்திச் சொல்லுங்க” என்று கேட்டால் பாட்டி தாத்தாக்கள் திகைத்துப்போவார்கள். “இந்த நாற்காலி யார் வீட்டுது?” என்று கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் பேசுவார்கள். வரைந்த தாளைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். புகைப்படத்தைத் திருத்த யாருக்கும் மனம் வராது. ஆனால் பென்சில் படத்தைப் பார்த்ததும், “இல்ல, மூக்கு இப்படி இருக்காது” என்று விரலை வைத்துவிடுவார்கள். பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும்.

அனுமதி கேட்டுவிட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். அவர்கள் பேச மறுக்கும் இடம் வந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த மௌனம் எந்த இடத்தில் வந்தது என்பதை மட்டும் பிற்பாடு குறித்து வையுங்கள்.

படி 5: வீட்டுக்கு வெளியே தேடுங்கள்

கப்பல் பயணியர் பட்டியல், பள்ளிப் பதிவேடு, நிலப்பத்திரம், வழிபாட்டுத் தலங்களின் பிறப்பு இறப்புப் பதிவுகள் ஆகியவை வழக்கமான மூலங்கள். கலைக்காகத் தேடுபவர்கள் அருங்காட்சியகங்களின் இணையத் தொகுப்புகளையும் பார்க்க வேண்டும். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இலும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் 2020இலும் காப்புரிமை இல்லாத தங்கள் படங்களை யாரும் எடுத்துப் பயன்படுத்தத் திறந்துவிட்டன. உங்கள் முன்னோர் வாழ்ந்த பகுதி, காலம், பொருள் என்ற மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள்.

அந்தப் பொருள் அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்ற குறிப்பையும் படியுங்கள். 1897இல் பிரிட்டிஷ் படை, இன்றைய நைஜீரியாவில் இருக்கும் பெனின் நகரைச் சூறையாடி எடுத்துப்போன வெண்கலச் சிற்பங்கள் உலகம் முழுக்கச் சிதறின. 2022இல்தான் ஜெர்மனி அவற்றில் ஒரு பகுதியை நைஜீரியாவிடம் திருப்பி ஒப்படைத்தது. தன் மரபின் பொருளை வேற்று நாட்டு அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் முதன்முதலாகப் பார்க்கும் ஒருவருக்கு அந்தத் தூரமும் கதையின் பாகம்தான்.

மரபணுச் சோதனை உதவுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எந்தெந்த மக்கள்தொகையோடு உங்கள் மரபணு ஒத்துப்போகிறது என்ற மதிப்பீட்டை அது தரும். பாட்டி எப்படி நின்றார் என்பதை அது தராது.

படி 6: கண்டது, கேட்டது, ஊகித்தது

நோட்டில் நெடுக்காக மூன்று பத்தி பிரித்துக்கொள்ளுங்கள். படத்திலோ ஆவணத்திலோ கண்ணால் கண்டது ஒன்றில். யாரோ சொன்னது இன்னொன்றில், சொன்னவர் பெயரோடு. நீங்களாக நினைத்துக்கொண்டது மூன்றாவதில். என் நோட்டில் “புடைத்த விரல்மூட்டு” முதல் பத்தி, “இரவல் துணி” இரண்டாம் பத்தி, “பயந்திருந்தார்” மூன்றாம் பத்தி. மூன்றும் கலந்துவிட்டால் இரண்டு வருஷத்தில் எது உண்மை என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ 1936இல் தன் பெற்றோரையும் தாத்தா பாட்டிகளையும் தன்னையும் ஒரே படத்தில் வரைந்தார். சிறுமியாகத் தன் வீட்டு முற்றத்தில் நிற்கிறார், கையில் ஒரு சிவப்பு நாடா. அந்த நாடா மேலே போய்ப் பெற்றோரையும் இரு பக்கத்துத் தாத்தா பாட்டிகளையும் தொட்டுக் கட்டுகிறது. தாய்வழியினர் மெக்சிகோவின் நிலத்துக்கு மேலே, தந்தைவழியினர் கடலுக்கு மேலே. நடுவில் இருக்கும் பெற்றோரை அவர்களுடைய திருமணப் புகைப்படத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார். தன் தந்தை ஹங்கேரிய யூத வம்சம் என்று காலோ சொல்லிவந்தார். பிற்காலத்தில் ஆவணங்களைத் தேடியவர்கள் அவரை ஜெர்மானிய லூத்தரன் குடும்பத்தவராகக் கண்டார்கள். அதனால் அந்த ஓவியம் பொய்யாகிவிடவில்லை. ஒரு மகள் தன் குலத்தை எப்படி நம்பினாள் என்பதற்கு அது சாட்சி. ஆனால் நம்பிக்கை எது, பதிவு எது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொண்டு வரைவது வேறு, தெரியாமல் வரைவது வேறு.

படி 7: ஒவ்வொரு சின்னத்தையும் சந்தேகத்தோடு பாருங்கள்

இங்கேதான் பெரும்பாலான முயற்சிகள் தடுமாறுகின்றன. “என் பண்பாடு” என்றதும் சுற்றுலா விளம்பரத்தில் வரும் உருவங்களே மனதில் வந்து நிற்கும். அவற்றை வரைவதில் தப்பில்லை. ஆனால் ஒவ்வொன்றிடமும் கேளுங்கள்: இது என் வீட்டில் இருந்ததா? எங்கிருந்து வந்தது? யார் வழியாக?

லண்டனில் பிறந்து லாகோஸில் வளர்ந்த இன்கா ஷோனிபாரே தன் சிற்பங்களுக்கு ‘ஆப்பிரிக்கத் துணி’ என்று எல்லோரும் நினைக்கும் பளீரென்ற அச்சுத் துணியைப் பயன்படுத்துகிறார். அந்தத் துணியின் பூர்வீகம் வேறு. இந்தோனேசியாவின் பத்திக் துணியை டச்சுக்காரர்கள் இயந்திரத்தில் நகலெடுத்து உற்பத்தி செய்தார்கள், அது மேற்கு ஆப்பிரிக்காவில் விற்பனையானது, அங்குள்ள மக்கள் அதைத் தங்களுடையதாகவே ஆக்கிக்கொண்டார்கள். ஷோனிபாரே அதை லண்டன் சந்தையில் வாங்கினார். தூய அடையாளம் என்று ஒரு துணியைத் தூக்கிப்பிடித்தால் அதன் இழைகளில் மூன்று கண்டங்கள் இருக்கின்றன. என் பாட்டியின் இரவல் உடையை நினைக்கும்போதெல்லாம் இது ஞாபகம் வரும்.

சின்னத்தை ஒட்டவைக்காமல், அதன் கட்டமைப்பை எடுத்துக்கொள்வது ஒரு நல்ல வழி. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963இல் தொடங்கிய ‘சொற்களும் சின்னங்களும்’ தொடரில் ஜாதகக் கட்டங்களும் கணக்குக் குறிகளும் எழுத்தைப் போன்ற வரிகளும் வருகின்றன. அந்த வரிகள் வாசிப்பதற்கானவை இல்லை. ஆனாலும் ஒரு மரபு தகவலைத் தாளில் எப்படி அடுக்கியது என்பது பார்த்ததும் தெரிகிறது. உங்கள் முன்னோரின் கணக்கு நோட்டோ கடிதமோ இருந்தால், என்ன எழுதியிருக்கிறது என்பதோடு, பக்கத்தை எப்படிப் பிரித்தார்கள், எங்கே இடம் விட்டார்கள், எந்த எழுத்தை அழுத்தினார்கள் என்றும் பாருங்கள்.

படி 8: கதைக்கு ஏற்ற ஊடகம்

எதில் செய்யப் போகிறீர்கள் என்பதை அந்தப் பொருளே சொல்லும். அமெரிக்க ஓவியர் ஃபெய்த் ரிங்கோல்டின் கொள்ளுப்பாட்டியின் தாய் அடிமையாகப் பிறந்தவர், எஜமானர்களுக்காக ஒட்டுத்துணிப் போர்வை தைத்தவர். ரிங்கோல்டின் தாய் வில்லி போசி உடை வடிவமைப்பாளர். தாயும் மகளும் சேர்ந்து 1980இல் முதல் போர்வையைச் செய்தார்கள். அடுத்த ஆண்டு தாய் இறந்துவிட, 1983இலிருந்து ரிங்கோல்ட் போர்வையிலேயே கதை எழுதத் தொடங்கினார். கான்வாஸில் எண்ணெய் வண்ணம் தீட்டத் தெரிந்தவர்தான். ஆனாலும் தன் குடும்பத்துப் பெண்களின் கை அறிந்த வேலைக்குப் போனார்.

கானாவில் பிறந்து நைஜீரியாவில் நெடுங்காலம் வாழ்ந்த சிற்பி எல் அனட்சுய் மதுப்புட்டி மூடிகளைத் தட்டையாக்கி, செம்புக் கம்பியால் கோத்துச் சுவரளவு திரைகள் செய்கிறார். தூரத்திலிருந்து பார்த்தால் நெய்த பட்டு. பக்கத்தில் போனால் சாராய மூடிகள். ஆப்பிரிக்காவையும் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் பிணைத்த அடிமை வியாபாரத்தில் கைமாறிய சரக்குகளில் சாராயமும் ஒன்று.

வீட்டிலேயே செய்யக்கூடியதில் நான் மிகவும் விரும்புவது சயனோடைப் என்ற நீல அச்சு. 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தது. இருட்டறை வேண்டாம், மங்கலான அறை போதும்.

100 மில்லி தண்ணீரில் 25 கிராம் ஃபெரிக் அமோனியம் சிட்ரேட். தனியாக இன்னொரு 100 மில்லியில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு. வேண்டிய நேரத்தில் இரண்டையும் சம அளவு கலந்து, தடித்த தாளில் தூரிகையால் பூசி, இருட்டில் காயவிடுங்கள். கையுறை கட்டாயம். ஃபெர்ரிசயனைடை அமிலத்துக்கும் நெருப்புக்கும் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது, சமையல் பாத்திரங்களில் கலக்கக் கூடாது, குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. ஸ்கேன் செய்த படத்தை நெகட்டிவாக மாற்றி ஒளிபுகும் தாளில் அச்சடித்து, பூசிய தாள்மேல் வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்டுங்கள். மஞ்சள் கலந்த பச்சையாக இருந்த தாள் வெண்கலச் சாம்பலாக மாறியதும் எடுத்து, தண்ணீர் தெளிவாக ஓடும் வரை அலசுங்கள். எவ்வளவு நேரம் என்பது வெயிலைப் பொறுத்தது, அதனால் முதலில் சின்னத் துண்டுகளில் சோதித்துப் பாருங்கள்.

பாட்டியின் படத்தை இப்படி அச்சிட்டபோது முகம் நீலத்தில் கரைந்துவிட்டது, கை மட்டும் தெளிவாக நின்றது. வெளிச்சத்தில் நாள்பட வைத்தால் இந்த அச்சு வெளிறும். இருட்டில் வைத்தால் நீலம் பெருமளவு திரும்பிவிடும்.

படி 9: ஒற்றைப் படத்தோடு நிறுத்தாமல் தொடராகச் செய்யுங்கள்

ஓவியர் ஜேக்கப் லாரன்ஸின் பெற்றோர் அமெரிக்காவின் தெற்கிலிருந்து வடக்கே இடம்பெயர்ந்த கறுப்பின மக்களைச் சேர்ந்தவர்கள். 1940, 41இல் அந்த இடப்பெயர்வை அவர் 60 சிறு பலகைகளில் வரைந்தார். அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயதுதான். நூலகத்தில் உட்கார்ந்து படித்து, முதலில் 60 படங்களுக்கும் வாசகங்களை எழுதிக்கொண்டார். பிறகு எல்லாப் பலகைகளையும் ஒன்றாகப் பரப்பி, ஒரு நிறத்தை எடுத்தால் அந்த நிறம் வரவேண்டிய எல்லாப் பலகைகளிலும் பூசிவிட்டுத்தான் அடுத்த நிறத்தை எடுத்தார். 60 படமும் ஒரே மூச்சில் சொன்னது போல இருப்பதற்கு அதுதான் காரணம்.

நமக்கு ஏழெட்டு போதும். முதலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: “துணி அவருடையது இல்லை.” “நாற்காலி ஸ்டூடியோவினுடையது.” “கை மட்டும் அவருடையது.” பிறகு இரண்டு அல்லது மூன்று நிறங்களைத் தேர்ந்தெடுத்து எல்லாவற்றையும் சேர்த்தே செய்யுங்கள். தெரியாத பகுதிக்கு ஒரு தாளை வெறுமையாகவே விடுங்கள். பார்ப்பவர்கள் அந்தத் தாளின் முன்புதான் அதிக நேரம் நிற்பார்கள், இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

படி 10: எதைக் காட்டக் கூடாது

ஆஸ்திரேலியப் பாலைநிலத்தின் பாப்புன்யாவில் 1971இல் பழங்குடிப் பெரியவர்கள் தங்கள் சடங்கு வடிவங்களைப் பலகைகளில் வரையத் தொடங்கினார்கள். பெண்களும் தீட்சை பெறாதவர்களும் பார்க்கக் கூடாத வடிவங்கள் அவற்றில் இருப்பதாகப் பிற பழங்குடிக் குழுக்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. அதன்பின் ஓவியர்கள் அந்த வடிவங்களைத் தவிர்த்தார்கள், அல்லது புள்ளிகளால் மூடினார்கள். இன்று உலகம் வியக்கும் புள்ளி ஓவியங்களுக்குள் இப்படி ஒரு மறைப்பும் இருக்கிறது.

குடும்பத்திலும் இப்படித்தான். உயிரோடு இருப்பவரின் ரகசியம், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று இறந்தவர் சொல்லிவிட்டுப் போன விஷயம், இன்னொரு குலத்தின் புனிதக் குறி ஆகியவை நம்முடையவை இல்லை. ஒன்றை மறைக்க வேண்டியிருந்தால் அதை மறைத்திருப்பது தெரியும்படி மறையுங்கள். மேலே ஒரு மெல்லிய தாளை ஒட்டுங்கள், அல்லது வண்ணத்தால் மூடுங்கள். அங்கே ஏதோ இருக்கிறது என்பது தெரியட்டும், என்ன என்பது தெரிய வேண்டியதில்லை.

படி 11: முதலில் வீட்டாருக்குக் காட்டுங்கள்

கண்காட்சி, இணையம் எல்லாம் அதற்குப் பிறகு. யாருடைய கதையோ அவர்கள் முதலில் பார்க்கட்டும். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. ஒவ்வொரு தாளின் பின்னாலும் படத்தில் இருப்பவர், தகவல் தந்தவர், நீங்கள், தேதி, பயன்படுத்திய தாளும் வண்ணமும் எல்லாவற்றையும் பென்சிலால் எழுதுங்கள். இன்று உங்களுக்குக் கிடைக்காமல் போன குறிப்புகள் இவைதான்.

நான் அந்த நீல அச்சை அத்தையிடம் கொண்டுபோனேன். வெகுநேரம் கையில் வைத்திருந்தார். முகம் தெரியாததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. திருப்பிப் பார்த்தார், நான் எழுதியிருந்த பெயரைப் படித்தார். பென்சிலைக் கேட்டு வாங்கி, அதற்குக் கீழே இன்னொரு பெயரை எழுதினார். அந்தப் பெரியம்மா பாட்டியை மட்டும் கூப்பிட்ட செல்லப்பெயர். அதை நான் அதுவரை கேட்டதே இல்லை. அடுத்த தொடரின் முதல் தாளில் இப்போது அந்தப் பெயர்தான் இருக்கிறது, அத்தையின் கையெழுத்திலேயே.